அந்த 17 ரூவா

ஏலே பேராண்டி, நல்லா இருக்குலே நீ லேப்டாப்புல காட்டுன வீடு. நெசமாத்தான் சொல்லுதேன். நாப்பத்தஞ்சு வருசமா நான் கட்டுன வீடு ஒண்ணுகூட இப்படித் தன்னால சுத்துனதில்ல. மேல இருந்து பாக்கலாம், அடியில இருந்து பாக்கலாம், சுவரைக் கழட்டி ஓரமா வச்சிட்டு உள்ள பாக்கலாம். வாசல்ல காரு ஒண்ணு நிக்கி. பக்கத்துல வெள்ளைக்காரி ஒருத்தி நாயைப் புடிச்சிட்டு நிக்கா. யாருலே அவ? அவளை அழிச்சிட்டு உங்க ஆச்சியை நிறுத்து, இடுப்புல தண்ணிக்குடத்தோட. அப்பத்தான் வாசப்படி எத்தனை இஞ்சு உசரம் வைக்கணும்னு உனக்குத் தெரியும்.

அது கிடக்கட்டும். கடைசியா ஒரு தாளைக் காட்டினியே, மொத்தச் செலவு 24,83,617 ரூவான்னு. அதுலதான் எனக்கு ஒரு சந்தேகம். 24 லட்சம் புரியுது. 83 ஆயிரமும் ஏதோ புரியுது. அந்த 17 ரூவாயை எங்கலே புடிச்ச? நானும் எத்தனையோ பேருக்கு எஸ்டிமேட் சொல்லியிருக்கேன். இதே வீட்டுக்கு என்னைக் கேட்டா, "இருபத்தாறுல இருந்து முப்பதுக்குள்ள நிக்கும்"பேன். வீட்டுக்காரன் மூஞ்சி சுருங்கும், ஊர்ல நாலு பேர்கிட்ட என்னைத் திட்டுவான். ஆனா கட்டி முடிச்ச பெறவு அடிக்க வந்தது கிடையாது. 17 ரூவா வரைக்கும் சொன்னவனைத்தான் அடிப்பான், பாத்துக்கோ. ரூவாய் சுத்தமாச் சொன்னவன் லட்சத்துல தப்பு விடமாட்டான்னு நம்பி உக்காந்திருப்பான் பாரு, அந்தக் கோவம். இங்க நம்பி உக்காந்திருக்கது உங்கப்பன். வச்சிருக்கது ரிட்டயர்டு ஆனப்ப வந்த காசு.

இந்த லேப்டாப்பு வித்தைக்குப் பேரு பிம்மு, பிம்முங்க. நீ மொதநா போன்ல சொன்னப்போ, புள்ளை பீம் போடுததைத்தான் சொல்லுதான்னு நெனச்சேன். பெறகுதான் வெளங்குச்சு. பழைய பிளான்ல சுவருங்கது ரெண்டு கோடு. தான் சுவரா வேலியான்னு அந்தக் கோட்டுக்கே தெரியாது. ஒருத்தன் ஸ்கேல் வச்சு அளந்து, நம்பர், நீளம், அகலம், உசரம், அளவுன்னு கட்டம் போட்டு எழுதிக் கூட்டணும். உன் பெட்டிக்குள்ள இருக்க சுவரு அப்படியில்ல. நான் ஒன்பது இஞ்சு, எனக்குள்ள செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு, வயித்துல ஒரு சன்னல்னு எல்லாம் அதுக்கே தெரியும். இழுத்தா நீளும், கணக்கும் கூடவே நீளும். அமெரிக்காவுல ஈஸ்ட்மேன்னு ஒரு வாத்தியார் இந்த ரோசனையை 1975-லயே எழுதி வச்சிட்டாராமே. அந்த வருசம் நான் கையாளாச் சேந்து பாண்டுல கலவை சுமந்துட்டிருந்தேன். சொல்லியனுப்பியிருந்தா கழுத்துவலியாவது மிச்சமாயிருக்கும்.

நீளம், அகலம், உசரம் மூணு டி. நாள் கணக்கு நாலாவது டி. காசு அஞ்சாவது டி. நாக்பூர் மெட்ரோவுல அஞ்சையும் வச்சுத்தான் வேலை பாத்தாங்கன்னு சொன்ன. இருக்கும். நம்ம பக்கம் ஆறாவது டி ஒண்ணு உண்டும்லே. வீட்டுக்காரனோட மச்சினன். நிலை வைக்க அன்னைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து நிப்பான். "ஏன் அத்தான், ஹாலை ஒரு ரெண்டடி தள்ளிப் போட்டா என்ன?"ன்னு கேப்பான். அவனை உன் பெட்டியில எந்த மூலையில வரைஞ்சிருக்க?

மூலைன்னதும் ஞாபகம் வருது. அந்த வெத்தலைச் செல்லத்தை இங்கிட்டுத் தள்ளு, ஒரு சங்கதி சொல்லுதேன். உங்க ஆச்சிக்குக்கூடத் தெரியாது.

10-க்கு 12 ரூம் ஒண்ணு. உள்ளளவு அது. சுவரு 9 இஞ்சு. வெளிய டேப்பைப் புடிச்சா பதினொண்ணரைக்குப் பதிமூணரை. நாலு பக்கத்தையும் வெளிப்பக்கமாவே அளந்து கூட்டினா 50 அடி வரும். ஆனா நெசமா அங்க நிக்கது 47 அடிச் சுவருதான். மூணடி எங்க இருந்து வந்துச்சு? நாலு மூலையும் ரெண்டு ரெண்டு தடவை கணக்குல ஏறிருதுல்லா. ஓவர்சியர் படிச்சவன். நீளச் சுவரை வெளிக்கு வெளி அளப்பான், குட்டைச் சுவரை உள்ளுக்கு உள் அளப்பான். 27-ம் 20-ம் 47. இல்லேன்னா சுவருக்கு நடுக்கோடு புடிச்சுப் போடுவான், அதுக்கும் 47-தான் வரும். நான் படிக்காத மேஸ்திரி. எனக்கு 50-தான் வரும். டேப்போட மறுமுனையை வீட்டுக்காரனே சந்தோசமாப் புடிச்சிட்டு நிப்பான். 10 அடி உசரத்துக்கு அந்த மூணடி, இருபத்திரண்டரைக் கன அடி. சுமார் 300 செங்கல் கட்டுன கூலி, கட்டாத சுவருக்கு. ஒரு ரூம்புக்கு இவ்வளவுன்னா எத்தனை வீடு, எத்தனை மூலைன்னு நீயே கூட்டிக்கோ. உங்கப்பன் பாலிடெக்னிக் படிச்சது அந்த மூலையில இருந்துதான்.

அதனால எவனாவது பெருசு உன் பெட்டியைப் பாத்து, "இதெல்லாம் சரிப்படாது தம்பி, அனுபவம் வேணும்"னு இழுத்தா, அவரு எந்த மூலையில சாப்பிட்டவருன்னு மொதல்ல விசாரி. என்னையும் சேத்துத்தான்.

ஆனா நீயும் சிரிக்காத. ராத்திரி நீ தூங்குன பெறவு கண்ணாடியைப் போட்டுட்டு உன் தாளைப் பாத்தேன். செங்கல் கட்டு இத்தனைன்னு இருந்துச்சு. நடுவூட்டுச் சுவரு ஒண்ணை எடுத்துக் கையால போட்டேன், ஒத்துவரல. ரெண்டாவதும் போட்டேன், ஒத்துவரல. பெறவு பிளானைப் பாத்தா சங்கதி புரியுது. சுவரைத் தரையில இருந்து மேல்தளம் வரைக்கும் 10 அடிக்கு இழுத்து விட்டிருக்க. மேல ஒண்ணேகால் அடி பீம் ஓடுதுல்லா? அதையும் தனியா வரைஞ்சு கான்கிரீட்ல சேத்திருக்க. அப்ப பீமுக்குள்ள செங்கலும் இருக்கு, செங்கலுக்குள்ள பீமும் இருக்கு. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிக்கச் சொல்லுத வித்தையும் உன் பெட்டிக்குள்ளயே இருக்காமே. அதை அமுக்க மறந்துட்ட. 12 அடிச் சுவருக்கு 11 கன அடி, 150 செங்கல் கூடுது. நான் மூலையில செஞ்சதை உன் பெட்டி உச்சியில செய்யுது. நானாவது காசுக்குச் செஞ்சேன், அது சும்மா செய்யுதுலே.

பூச்சுக்கு வா. ஐ.எஸ். 1200-ன்னு அளக்குத முறைக்கு ஒரு புத்தகம் இருக்கு. நீ படிச்சிருப்ப, பரீச்சை முடிஞ்சதும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்ப. அரைச் சதுர மீட்டர் வரைக்கும் உள்ள திறப்பைப் பூச்சுக் கணக்குல கழிக்காதேங்குது அது. அரைக்கு மேல மூணு வரைக்கும், ரெண்டு பக்கமும் ஒரே பூச்சுன்னா ஒரு பக்கத்தை மட்டும் கழிங்குது. மூணுக்கு மேல போனா முழுக்கக் கழிச்சிட்டு, ஓரத்துப் பூச்சைத் தனியா அளந்து சேருங்குது. சர்க்காருக்கு என்ன, கொத்தன் மேல அம்புட்டுப் பாசமா? இல்லலே. நிலையோரம், சன்னலோரம் விளிம்பு புடிக்கதுக்குத்தான் நேரம் ஆகும். நட்ட நடுச் சுவருல மணியாசுக் கட்டையை ஓட்டிட்டு ஒரு பாட்டுப் பாடிரலாம். கழிக்காம விட்டது அந்த ஓரத்துக்குக் கூலி. உன் பெட்டி 3-க்கு 7 கதவை, ரெண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு பக்கமும் சுத்தமாக் கழிச்சிருச்சு. ஆறு கதவு, 126 சதுர அடி. சனிக்கிழமை சாயங்காலம் பூச்சுக்காரன் கரணையைக் கழுவிட்டு உன் முன்னால வந்து நிப்பான். அப்ப லேப்டாப்பைத் திறந்து வீட்டைச் சுத்திக் காட்டு. என்ன சொல்லுதான்னு நான் திண்ணையில உக்காந்து கேக்கேன்.

கம்பிக் கணக்கைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல. பில்லர் இருக்கு, பீம் இருக்கு, தளம் இருக்கு, உள்ள ஒரு கம்பி இல்ல. கேட்டா, அவ்வளவு நுணுக்கமா வரைய நாளாகும் தாத்தா, அதனால தளத்துக்குக் கன மீட்டருக்கு 80 கிலோன்னு போட்டுட்டேங்க. ஏலே, இதை நான் வெத்தலை போட்டுக்கிட்டே சொன்னா குத்துமதிப்பு, நீ பெட்டிக்குள்ள இருந்து சொன்னா எஞ்சினியரிங்கா? விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162-ஆல வகு. 12 எம்.எம். கம்பின்னா 144-ஐ 162-ஆல, மீட்டருக்கு 0.889 கிலோ. ஒவ்வொரு கம்பியா எண்ணி, லேப்பு, கொக்கி, வளையம் எல்லாம் சேத்து, கட்டுக்கம்பி டன்னுக்கு எட்டு பத்துக் கிலோ தனியாப் போட்டுக் கூட்டு. ஒரு சாயங்கால வேலைதான். டிவி பாக்க நேரத்துல முடிஞ்சிரும்.

இதெல்லாம்கூட வரைஞ்சதுல வந்த தப்பு, திருத்திரலாம். வரையாதது இருக்கு பாரு.

உன் பெட்டிக்குள்ள தரை பச்சைப்பாய் விரிச்சாப்ல இருக்கு. நம்ம மனை அப்படியா இருக்கு? கரிசல்லே. சித்திரை வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும், ஐப்பசி மழையில இட்லி மாவு மாதிரி உப்பும். உங்க ஆச்சியோட பத்தாயச் சாவி ஒண்ணு அந்த வெடிப்புக்குள்ள விழுந்தது இன்னும் வரல. நீ வானம் தோண்ட அஞ்சடின்னு போட்டிருக்க. எவன் சொன்னான்? மண்ணைத் தோண்டிப் பாத்துட்டுல்லா சொல்லணும். பக்கத்து மனையில ஏழடி போனப்பத்தான் கெட்டி மண்ணு வந்துச்சு. அதுக்கு மேல கிடந்த கரிசலை முழுக்க அள்ளிட்டு கிராவல் அடிச்சு, தண்ணி ஊத்தி இடிச்சாங்க. அந்த ரெண்டடிதான் உன் எஸ்டிமேட்டோட முதுகெலும்பை முறிக்கப்போகுது, 17 ரூவா இல்ல.

இன்னொண்ணு. 1,000 கன அடி குழின்னு பெட்டி சொல்லுது. சரிதான், குழி ஆயிரம்தான். தோண்டி வெளிய போட்ட மண்ணை அளந்து பாரு, 1,250 நிக்கும். கல்யாணம் முடிஞ்ச மாப்பிள்ளை மாதிரி வெளிய வந்ததும் கால் பங்கு பூரிச்சிரும். லாரிக்காரன் வெளிய நிக்கதுக்குத்தான் காசு கேப்பான், குழிக்கு இல்ல. அதே லாரிக்காரன் எம்-சாண்ட் கொண்டாரும்போது கதை திரும்பிரும். குமிச்சு வச்சு மூணு யூனிட்டும்பான். நம்ம ஊரு ரோட்டுல குலுங்கி வந்து சேரதுக்குள்ள அது அமுங்கிக் கிடக்கும். தட்டுமேல ஏறி டேப்பைப் போட்டு, 100 கன அடிக்கு ஒரு யூனிட்டுன்னு அளந்து வாங்கணும். அவன் அளக்க விடமாட்டான், "லேட்டாகுது அண்ணாச்சி"ம்பான். உன் பெட்டியில அண்ணாச்சிக்கு ஏதாவது கட்டம் இருக்கா?

தெருவு எட்டடி. டிப்பரு கோயில் முக்கோட நின்னுரும். அங்க இருந்து செங்கல், ஜல்லி, மணல், கம்பி எல்லாம் தலைச்சுமை. வண்டி நிக்க இடத்துக்கும் வேலை நடக்க இடத்துக்கும் நடுவுல இருக்க நடைக்குக் காசு உண்டு. சாரம், முட்டு, சென்ட்ரிங் பலகை, தண்ணி லாரி, தற்காலிகக் கரண்டு, ராத்திரிக் காவல், மூணு வேளை டீ. கட்டி முடிச்ச வீட்டுல இதுல ஒண்ணையாவது பாக்க முடியுமா? முடியாது. அதனாலதான் வரையுதவன் மறந்துருதான். சர்க்கார் எஸ்டிமேட்லயே அடியில "எதிர்பாராச் செலவு"ன்னு ஒரு வரி எழுதியிருப்பான். அத்தனை எஞ்சினியர் இருக்க ஆபீசுக்கே எதிர்பாராதது ஒண்ணு உண்டுன்னா, உனக்கு இல்லாம போயிருமா?

அப்புறம் ரேட்டு. டேட்டான்னா உனக்குப் போன்ல சாயங்காலம் தீந்துபோறது. பொதுப்பணித்துறையில டேட்டான்னா வேற. 10 கன மீட்டர் செங்கல் கட்டுக்கு எத்தனை கல், எத்தனை கலவை, எத்தனை கொத்தன், எத்தனை சித்தாள்னு பிரிச்சு எழுதி வச்சிருக்கது. அதுல அந்த வருசத்துக் கூலியையும் சாமான் விலையையும் பெருக்கினா ரேட்டு வரும். உன் பெட்டி எத்தனை கன மீட்டர்னு சொல்லும். கொத்தன் வருவானா மாட்டானான்னு சொல்லாது. அறுவடை நேரத்துல சித்தாள் கிடையாது, பங்குனிப் பொங்கலுக்குப் பத்து நாள் எவனும் சாரத்துல ஏறமாட்டான். சிமெண்டுக்கு 28 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆக்கினாங்களே, அன்னைக்கு உன் மாடல்ல ஒரு செங்கலாவது நகந்துச்சா? மூட்டை எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான். விலை உனக்குத் தெரியாம வெளிய நடந்து போயிட்டிருக்கும். போன வருசத்து விலைப்பட்டியலை உள்ள போட்டுட்டு இந்த வருசத்து வீட்டைச் சுத்திக் காட்டுத பாரு, அதுக்கு நான் குத்துமதிப்பாச் சொன்ன முப்பதே தேவலை.

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. இனி உன் பெட்டியைப் புகழப்போறேன், காது கொடுத்துக் கேளு. அடிக்கடி வராது.

முந்தாநா உங்கம்மா சமையல்கட்டைக் கெழக்க மாத்தணும்னு சொன்னா. நீ இழுத்த, தாளு மாறுச்சு, 38,000 கூடுதலாகும்மான்னு சொன்ன. அவ ஒரு நிமிசம் யோசிச்சுப் பாத்துட்டு, "இருந்த இடத்துலயே இருக்கட்டும்"னுட்டா. லே, நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரு வீட்டுக்காரி வாயில இருந்தும் இந்தச் சொல்லை நான் கேட்டதில்ல. ஏன்னா எவ்வளவு கூடும்னு நாங்க மாத்துததுக்கு முன்னால சொன்னதே இல்ல. "மாத்திரலாம் தாயி"ன்னு மாத்திட்டு, பால் காய்ச்சுத அன்னைக்கு மொத்தமாச் சொல்லுவோம். விருந்தாளி முன்னால அவங்களால சண்டைபோட முடியாது.

பைப்பும் அப்படித்தான். ஒரு வீட்டுல, பேரு வேண்டாம், தளம் போட்டு மூணு வாரம் கழிச்சுக் கக்கூஸ் பைப்பைக் கொண்டாந்து பாத்தா, போகவேண்டிய இடத்துல பீம் நிக்கி. நான் கட்டுன பீமை நானே உளி வச்சுக் கொத்தினேன். அரைநாள். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. உன் பெட்டியில பைப்பும் பீமும் முட்டுற இடம் செவப்பாத் தெரியுதே, அதுக்கு நீ ஆயிரம் ரூவா கூடுதலாவே சம்பளம் கேக்கலாம்.

போன பொங்கலுக்கு வந்தப்போ என்னை மடக்கப்பாத்தியே, ஞாபகம் இருக்கா? ஆஸ்திரேலியாவுல சிட்னி ஓப்பரா ஹவுசுன்னு ஒண்ணு, 70 லட்சம் டாலர்னு சொல்லி ஆரம்பிச்சு 1973-ல திறக்கும்போது 10 கோடியே 20 லட்சத்துல போய் நின்னுச்சு, பழைய காலத்து எஸ்டிமேட்டோட லட்சணம் பாருங்க தாத்தான்னு. நான் ஒத்துக்கிட்டேன். கம்ப்யூட்டர் வந்த பெறவு அப்படி ஒண்ணும் நடக்கலையாலேன்னு கேட்டேன். நீ தலையைச் சொறிஞ்ச. ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஒரு பாட்டுக் கச்சேரி மண்டபம், 2017-ல திறந்தது, நகரத்துப் பங்கு 7.7 கோடி யூரோன்னு பேசி ஆரம்பிச்சு 78.9 கோடியில முடிஞ்சதுன்னு மெல்லமாச் சொன்ன. ரெண்டுலயும் என்ன தப்புன்னு கேட்டதுக்கு, படம் முழுசா முடியறதுக்கு முன்னாலயே வேலையை ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொன்ன. அப்ப அவங்க ஊர்லயும் நல்ல நாள் பாக்குதவன் ஒருத்தன் இருந்திருக்கான். "இந்த நாளை விட்டா ஆறு மாசம் ஆகாது, எதையாவது தோண்டிப்போடு"ன்னு சொல்லியிருப்பான்.

நீயும் அதைத்தான் செய்யப்பாக்க. மண்ணு பாக்கல, கம்பி வரையல, ரேட்டு விசாரிக்கல, ஆனா தாளுல ரூவா சுத்தமா இருக்கு. உங்கப்பன்கிட்ட அந்தத் தாளை இன்னைக்குக் காட்டாத. பீம்ல இருக்க செங்கலை உருவு. பூச்சை ஐ.எஸ். 1200 படி திருப்பிப் போடு. கம்பியைக் கையால எண்ணு. பஜார்ல ரெண்டு சிமெண்டுக் கடை, ஒரு கம்பிக் கடை ஏறி இறங்கு. கோயில் முக்குல இருந்து மனை வரைக்கும் தலையில 10 செங்கலைத் தூக்கிட்டு ஒரு நடை நடந்து பாத்துட்டு, தலைச்சுமைக்குக் கூலி நீயே போடு. கடைசியில வர தொகையை ஒத்தை எண்ணாச் சொல்லாம, இதுல இருந்து இதுக்குள்ளன்னு சொல்லு. எது எது நடந்தா மேல் எண்ணு, எது எது நடந்தா கீழ் எண்ணுன்னு அடியில எழுது. உங்கப்பன் முகம் சுருங்கும். சுருங்கட்டும், அவனுக்கு இன்னும் பேங்குக்குப் போக நேரம் இருக்கு.

நாளைக்குக் காலைல 6 மணிக்கு ரெண்டு ஆளு வரச் சொல்லியிருக்கேன். மனையோட நாலு மூலையிலயும் நடுவுலயும் குழி போட்டுக் கெட்டி மண்ணு எங்க இருக்குன்னு பாத்திருவோம். பெட்டியையும் எடுத்துட்டு வா, டேப்பையும் எடுத்துட்டு வா. மறுமுனையை நான் புடிக்கேன். மூலைக்கு வரும்போது மட்டும் என் கையைப் பாத்துக்கோ.